கிளாராவின் போன் சொன்ன பொய்

கிளாராவுக்குப் பொய் வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அது மாதிரி. சொல்லியே தீர்வதென்று வாயைத் திறந்தாலும் நாக்கு மடங்காது. காது இரண்டும் சிவந்துபோகும். கடைசியில் உள்ளதுதான் வந்து விழும்.

உத்தமபாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் அவளுடைய ஊர். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள். கிளாராவின் வாயில் மாட்டிக்கொண்ட விஷயத்தில் மட்டும் இரண்டு பாதியும் ஒரே சாதி.

எதிர்வீட்டு சுபாஸ்ரீயைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். வந்த அம்மா சும்மா இராமல், தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கிளாராவைப் பார்த்து, “புள்ள சமையலெல்லாம் எப்படித்தா?” என்று கேட்டுவிட்டார். கிளாரா குடத்தை இறக்கி வைத்து யோசித்தாள். “நல்லாச் சமைப்பாக்கா. ஒரு கை உப்பு மட்டும் கூடும்.” சுபாஸ்ரீ இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வந்தால், கிளாராவின் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, “அக்கா, நீங்க சொன்ன அளவு சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

கணவர் பீட்டர்ராஜ் கம்பத்திலிருந்து மலைக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். நல்ல மனுஷன். மாதாவிடம் அவர் வைக்கும் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: செக்போஸ்ட்டில் “வண்டியில எத்தனை பேரு?” என்று போலீஸ்காரர் கேட்கிற அன்றைக்குத் தன் பெண்டாட்டி ஜீப்பில் இருக்கக் கூடாது.

ஆனால் அதே குணத்துக்காகத்தான் ஓவர்சீயர் ஈஸ்வரபாண்டி அவளை நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராகப் போட்டார். “வராதவளை வந்ததா எழுதாத ஆளு இந்தப் பஞ்சாயத்துலயே இது ஒண்ணுதான்” என்றார். கிளாரா எட்டாம் வகுப்பு படித்தவள். அவளுக்குக் கீழே இருபத்தெட்டுப் பெண்கள். காலையில் பதினோரு மணிக்குள் எல்லாரையும் வேலை நடக்கிற இடத்திலேயே வரிசையாக நிறுத்தி, அவளுடைய போனில் இருக்கிற வருகை ஆப்பில் ஒரு படம் எடுக்க வேண்டும். சாயங்காலம் இன்னொரு படம். படம் ஏறினால் அன்றைக்கு வேலை செய்ததாகக் கணக்கு. ஏறாவிட்டால், வெயிலில் மண் சுமந்ததை ஆண்டவர் ஒருவர்தான் பார்த்தார் என்று ஆறுதல் பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவளுடைய போன்தான் பொய் சொன்னது.

அதற்கு நாலு வருஷம் முன்னால் போக வேண்டும். பீட்டர்ராஜ் விடியுமுன்னே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜெபமாலை சொல்வதென்றால் முன்பாதியை ஒருத்தர் சொல்ல வேண்டும், பின்பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். தனியாக இருக்கிறவளுக்கு யார் முன்பாதி சொல்வது? போனில் ஜெபமாலை ஆப் ஒன்று போட்டுக்கொண்டாள். போன் முன்பாதி சொல்லும். கிளாரா சட்னி அரைத்துக்கொண்டே பின்பாதி சொல்லுவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் இரண்டாம் தேவ ரகசியத்தில், “அருள் நிறைந்த மரியே” என்று வர வேண்டிய இடத்தில், “வாங்க வாங்க, ரம்மி விளையாட வாங்க! முதல் ஆட்டத்துக்கு போனஸ்!” என்று ஒரு குரல் வந்தது. பழக்கதோஷம். கிளாரா, “புனித மரியே, இறைவனின் தாயே” என்று பாதி பதில் சொல்லியும் விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறினாள்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ரூபன் அவளுடைய சின்னம்மா மகன். கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான்.

“மாதா என்னக்கா நினைச்சிருக்கும்? போனஸ் கேக்குறேன்னு நினைச்சிருக்கும்.”

“ஏலே, சிரிச்ச, செவுள்ல விழும். இத நிறுத்த முடியுமா முடியாதா?”

“நிறுத்தலாம். ஆனா போன ரூட் பண்ணணும்.”

“அப்படின்னா?”

“இந்தப் போன நீ காசு குடுத்து வாங்கிட்ட. ஆனா வீட்டுச் சாவி இன்னும் கம்பெனிக்காரன்கிட்டத்தான் இருக்கு. நீ உள்ள வாடகைக்கு இருக்கிறவ. ஆணி அடிக்கணும்னாக்கூட அவன்கிட்ட கேக்கணும். ரூட் பண்ணா சாவி நம்ம கைக்கு வந்துரும். விளம்பரக்காரன் எந்தெந்த வாசல் வழியா வர்றானோ, அத்தனையும் செங்கல் வச்சுக் கட்டிரலாம்.”

“தப்பு ஒண்ணும் இல்லையே?”

“உன் வீடு, உன் செங்கலு. இதுல என்னக்கா தப்பு?”

அன்றைக்கிலிருந்து ஜெபமாலைக்குள் ரம்மி வரவில்லை. இடுப்புச் சதை குறைக்கிற எண்ணெயும் வரவில்லை. ரூட் என்ற சொல்லையே கிளாரா மறந்துபோனாள்.

இந்த வருஷம் மே மாதம். ஜூனில் லோயர் கேம்ப் பக்கம் தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்பதால், அதற்குள் ஊர் வாய்க்காலில் மண் அள்ளி முடிக்க வேண்டும் என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. மேகமலைப் பக்கம் மேகம் பொய்க்கு ஒரு முட்டாக்குப் போட்டு நின்றது. கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்குக் கிளாரா படம் எடுக்க ஆப்பைத் திறந்தாள். ராத்திரியோடு ராத்திரியாக அது அப்டேட் ஆகியிருந்தது. வழக்கமான பச்சைத் திரை வரவில்லை. சிவப்பாக ஒரு பெட்டி வந்தது: “இந்தக் கருவி ரூட் செய்யப்பட்டுள்ளது. செயலி இயங்காது.” கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் ஆப் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தால் திரும்ப அதே சிவப்பு.

“என்னாத்தா, மூஞ்சி மாரியாத்தா மாதிரி ஆயிருச்சு?” என்று கேட்டது இருளம்மாள். இருபத்தெட்டுப் பேரில் மூத்தவள். மண் சுமப்பதில் பாதியாள், பேச்சில் மூணாள்.

“ஆப்பு உள்ள விட மாட்டேங்குதுக்கா. போனு ரூட் பண்ணதாம்.”

“அப்படின்னா?”

“சாவி கம்பெனிக்காரன்கிட்ட இல்லாம என்கிட்ட இருக்காம்.”

“ஒன் போனு சாவி ஒன்கிட்ட இல்லாம பின்ன என் கொழுந்தன்கிட்டயா இருக்கும்? நல்ல கதையா இருக்கே.”

சிக்னலுக்காகப் பம்புசெட் மேட்டில் ஏறி நின்று கிளாரா ரூபனைக் கூப்பிட்டாள். பத்தே காலுக்கு அவன் பைக்கில் வந்து இறங்கினான். தென்னந்தோப்பு ஓரத்தில் பம்புசெட் நிழலில் உட்கார்ந்து போனை வாங்கினான். இருபத்தெட்டுப் பேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். குழந்தைக்கு மொட்டை போடுகிற இடத்தில்கூட அவ்வளவு கூட்டம் கூடாது.

“ஏலே, அந்த ஆப்புக்கு ஏன் இந்தக் கோவம்?” என்றாள் கிளாரா. “நான் என்ன செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யலக்கா. சாவி கையில இருக்கிறவன் என்ன வேணா செய்யலாம்ல? தேனியில உக்காந்துக்கிட்டு, இந்தா வாய்க்காக் கரையில நிக்கிறேன்னு போன நம்ப வைக்கலாம். பழைய படத்த இன்னைக்குப் படம்னு ஏத்தலாம். அதான் சாவி வச்சிருக்கவனையே உள்ள விடாதன்னு சொல்லிட்டாக.”

கிளாராவுக்கு இது நியாயமாகப் பட்டது. அதுதான் சங்கடம்.

“அப்ப இப்ப என்ன செய்ய? பழையபடி ஆக்கிரு.”

“ஆக்கலாம். கடைக்குக் கொண்டுபோயி எல்லாத்தையும் அழிச்சு ஏத்தணும். நாளைக்குத்தான் கிடைக்கும். ஒங்க படம் பதினோரு மணிக்கு.” ரூபன் தலையைச் சொறிந்தான். “இல்லாட்டி ஒளிச்சு வைக்கலாம்.”

“எத?”

“ரூட்ட. இதுக்குள்ள ஒரு பட்டியல் இருக்குக்கா. அதுல எந்த ஆப்போட பேர டிக் பண்றோமோ, அதோட கண்ணுக்கு ரூட்டே தெரியாது. வருகை ஆப்பு வந்து எட்டிப் பாக்கும். ‘ரூட் இருக்கா?’ன்னு கேக்கும். போனு, ‘அப்படி ஒண்ணு இங்கன இல்லையே’ன்னு சொல்லிரும்.”

“பொய் சொல்லுமா?”

ரூபன் நிமிர்ந்து பார்த்தான். யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “பொய்யின்னு இல்லக்கா... சொல்லாம இருக்கும்.”

“இல்லேன்னு சொல்லும்னு இப்பத்தானலே சொன்ன?”

“ஏத்தா கிளாரா,” இருளம்மாள் குறுக்கே வந்தாள். “போனுதான பொய் சொல்லுது? நீயா சொல்ற? எங்க ஊட்டுச் சேவல் நடுச்சாமத்துல கூவுது. அதுக்காக நானா விடிஞ்சிருச்சுன்னு சொன்னேன்?”

மணி பத்தரை. இருபத்தெட்டு முகம். கிளாரா கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு, “செய்யி” என்றாள். சொல்லும்போதே காது சிவந்தது.

ரூபன் பட்டியலைத் திறந்து டிக் போட்டான். அப்புறம் ரூட்டை நிர்வாகம் பண்ணுகிற ஆப் ஒன்று இருக்கிறதாம், வருகை ஆப் அதையும் மோப்பம் பிடிக்குமாம். அதனால் அதன் பெயரையும் படத்தையும் மாற்றி வைக்க வேண்டுமாம். “என்ன பேரு வைக்கட்டும்?” என்று கேட்டான்.

“புனிதர் பேரு ஏதும் வச்சிராத” என்றாள் கிளாரா, பதறிப்போய்.

‘சமையல் குறிப்பு’ என்று வைத்தான். வருகை ஆப்பின் பழைய ஞாபகத்தை எல்லாம் துடைத்தான். போனை அணைத்துப் போட்டான். மறுபடி கிளாராவின் நம்பரைப் போட்டு உள்ளே போனால், சமத்துப் பிள்ளையாகப் பச்சைத் திரை வந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்குப் படம் ஏறிவிட்டது. பெண்கள் கைதட்டினார்கள். கிளாரா மட்டும் தட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பார்த்தவர்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, மறைப்பானேன். ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஆப்பைத் திறப்பாள். திறக்கும் முன்னால் சிலுவை போடுவாள். பச்சைத் திரை வந்ததும் இன்னொரு சிலுவை. “அது என்னத்தா, முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணு?” என்று இருளம்மாள் கேட்டதற்கு, “அது ‘இருக்கா’ன்னு கேக்கும்போது ஒண்ணு, இது ‘இல்ல’ன்னு சொல்லும்போது ஒண்ணு” என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் பீட்டர்ராஜ், “சமையல் குறிப்பு வந்த நாள்ல இருந்து ரசத்துல ருசியே இல்ல” என்றார். கிளாரா, “ஆமா, இல்லதான்” என்று ஒத்துக்கொண்டாள். அவர் ரசத்தை ஒதுக்கிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் பாதரிடம் பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பாதர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். கிளாராதான் வெளியே வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அதனால் ஊருக்கே தெரியும்.

“சாமி, போன சங்கீர்த்தனம் முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது. இந்த வாரம் பத்துப் பொய் ஆயிப்போச்சு.”

பாதருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் கிளாரா கணக்கில் ஒரு பொய்கூட வரவு வந்ததில்லை. “யார்கிட்டம்மா சொன்ன?”

“நான் சொல்லல சாமி. என் போனு சொல்லுச்சு.”

முழுக்கதையையும் கேட்டார். கூண்டு வலைக்கு அந்தப் பக்கமிருந்து இருமுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்ததாம்.

“போனு செஞ்ச பாவத்துக்கு ஒனக்கு எப்படிம்மா மன்னிப்புக் கொடுக்கிறது? அதயில்ல முழங்கால் போட வைக்கணும்?”

“வெளையாடாதீக சாமி. அதுக்குச் செய்யின்னு சொன்னது நானு.”

அப்புறம் பாதர் தன்மையாகக் கேட்டார். “அந்தப் படத்துல வராத ஆளு யாராவது இருக்காளா?”

“இல்ல சாமி.”

“வேலை நடக்காத எடமா?”

“இல்ல சாமி.”

“அப்ப யாருக்கும் திருட்டு இல்ல. ஆனா ஒரு கேள்வி கேக்குறாக, பதிலு தப்பாப் போகுது. அந்தக் கேள்வியக் கேட்ட ஆளுகிட்ட நெசத்தச் சொல்லிரு. அதுதான் ஒனக்குப் பிராயச்சித்தம். மத்தபடி ஜெபமாலையில ஒரு பத்து மணி உருட்டிச் சொல்லு.”

“போன வச்சா, போன வைக்காமயா சாமி?”

“கையிலயே சொல்லும்மா” என்றாராம் பாதர்.

கேள்வி கேட்ட ஆள் யார்? டெல்லியிலோ எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர். அதனிடம் போய் எப்படிச் சொல்வது? கிளாராவுக்குத் தெரிந்த சர்க்கார் ஓவர்சீயர் ஈஸ்வரபாண்டி ஒருவர்தான். திங்கட்கிழமை அவர் வாய்க்காலை அளக்க வந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், ஒரு உண்மை சொல்லணும்.”

ஈஸ்வரபாண்டி அளவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கிளாரா உண்மை சொல்லப்போகிறாள் என்றால் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம். “யாரு என்ன செஞ்சா?”

“நான்தான் சார். என் போனு ரூட் பண்ணது. ஆப்புக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கேன்.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். “எனக்குக் கேக்கல.”

கிளாரா குரலை உயர்த்தினாள். “என் போனு ரூட் பண்ணது சார்!”

“ஐயய்யோ, மெதுவாப் பேசும்மா! கேக்கலைன்னா கேக்காததா இருக்கட்டும்னு அர்த்தம்.” டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். “இங்க பாரு கிளாராம்மா. நான் கேட்டாக்க, எழுதணும். எழுதுனா, ஒன்னய எடுக்கணும். எடுத்தா, மேலத்தெரு விஜியப் பொறுப்பாளராப் போடணும். அது ஆர்டர் ஆகி வர ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரம் இந்த இருபத்தெட்டுப் பேருக்கும் வேலை கிடையாது. புரியுதா?”

புரிந்தது. வாய்க்காலுக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த இருபத்தெட்டுப் பேருக்கும் புரிந்தது.

“அப்ப நான் என்ன சார் செய்யட்டும்?”

“வேற போனு பாரு. ரூட் பண்ணாத போனு. அதுல ஒன் நம்பரப் போட்டு ஆப்ப ஏத்திக்க. புதன்கிழமை காலை வரைக்கும் எனக்குக் காது கேக்காது. அதுக்கு மேல நீயே வந்து சொன்னாலும் எனக்கு வேற வழியில்ல.” போகும்போது திரும்பிப் பார்த்து, “ஒன்னயப் பொறுப்பாளராப் போட்டது என் தப்புத்தான்” என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் முகம் அவருக்கு ஒத்துழைக்கவில்லை.

பீட்டர்ராஜ் வைத்திருப்பது பட்டன் போன். புதுப் போன் வாங்க அந்த மாசம் ஜீப்புக்கு டயர் வாங்கினவருக்கு வழியில்லை. கிளாராவின் போனைப் பழையபடி ஆக்கலாமே என்றால், ரூபன் உதட்டைப் பிதுக்கினான். “அன்னைக்கு யோசிக்காமச் சொல்லிட்டேன். பழைய சிஸ்டத்துக்குப் போனா இந்த ஆப்போட புது அப்டேட் ஏறாதுக்கா. போனுக்கு வயசாயிருச்சு. அதுக்கும் ரூட்தான் ஊன்றுகோலு.” கடையில் சும்மா கொடுக்கிற மாதிரி போன் ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, வந்திருக்கிற அத்தனையும் வாடிக்கையாளர் போன், எடுத்துக்கொடுத்தால் அது வேறு பாவம் என்று அவனே அக்காவுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கிளாரா பெண்களிடம் போன் கேட்டாள். நேற்று வரைக்கும் தூக்குவாளியைத் திறக்கும் முன்னே ரீல்ஸைத் திறந்தவர்கள். கேட்ட நிமிஷத்தில் ஊரிலிருந்த போனுக்கெல்லாம் ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டது. ஒருத்தியின் போனில் சார்ஜ் நிற்காது. ஒருத்தியின் போன் புருஷன் பெயரில் இருக்கிறது. ஒருத்தியின் போன் கேமராவில் எல்லாரும் கறுப்பாகத் தெரிவார்களாம். ரோசம் பொத்துக்கொண்டு வந்தது இருளம்மாளுக்கு.

“ஒனக்கு மோட்சம், எங்களுக்கு நாமமா? பேசாம அந்தச் சமையல் குறிப்போட இருந்திருந்தா ஆகாதா? அந்தச் சாமியாரும் ஒன்னய ஓவர்சீயர்கிட்டத்தான் அனுப்பணுமா? எங்க கோயில்னா பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தோட முடிச்சிருப்பாரு!”

கிளாரா தூக்குவாளியை மூடினாள். இருளம்மாள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

அன்று சாயங்காலப் படத்தை எடுத்து முடித்ததும், தன் போனிலிருந்து வருகை ஆப்பை அழித்துவிட்டாள். பட்டியலில் போட்ட டிக்கையும் ரூபனிடம் கேட்டுத் தானே எடுத்தாள். ரூட் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஜெபமாலை ஆப் ரூட் இருக்கிறதா என்று கேட்பதில்லை. மாதாவிடம் ஒளிக்கவும் முடியாது. இனி ஒளிப்பதற்கு அந்தப் போனில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ராத்திரி ரசத்தில் ருசி இருந்ததாகப் பீட்டர்ராஜ் சொன்னார். ஆனால் கிளாராவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மனசு லேசாக வேண்டும் என்று இருபத்தெட்டுப் பேர் வயிற்றிலா அடிப்பது?

புதன்கிழமை. மணி ஒன்பதரை. வாய்க்கால் கரையில் கிளாரா ஒரு நோட்டுத் தாளை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. யாரும் அவள் பக்கம் பார்க்கவுமில்லை. இருளம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்தாள்.

“என்ன எழுதுற?”

“பொறுப்பு வேணாம்னு எழுதிக் குடுக்கப்போறேன்க்கா. அவரு வந்து என்னய எடுத்தாத்தான நாளாகும்? நானா விலகிக்கிட்டேன்னா, விஜிய இன்னைக்கே போட முடியுமான்னு சார் காலுல விழுந்து கேக்குறேன்.”

“விஜியா?” இருளம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “அஞ்சு நிமிசம் பிந்தி வந்தா திருப்பி அனுப்புறவளா? ஒண்ணுக்குப் போனாக்கூட மணி பாக்குறவளா?”

“நல்லாப் படிச்சவக்கா. பன்னெண்டாவது. வேலை சுத்தமாப் பாப்பா.”

“இப்பயும் அவளப் பத்தி நல்லதத்தான் சொல்ற பாரு, பாவி மக!”

இருளம்மாள் வாய்க்காலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் பம்புசெட்டுக்குப் பின்னால் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு பாலித்தீன் பை. பைக்குள் இன்னொரு பை. அதற்குள் பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்கு, கண்ணாடியில் ஒட்டின தாளைக்கூட உரிக்காத ஒரு டச் போன்.

இருபத்தேழு வாயும் பிளந்துவிட்டது. தனக்குப் போனே கிடையாது என்று பட்டன் போனைக்கூடக் கடன் வாங்கிப் பேசுகிற ஆள்.

“திருப்பூர்ல இருந்து மக வாங்கிக் குடுத்தா, தையில” என்றாள் இருளம்மாள், யாரையும் பார்க்காமல். “அவ மூஞ்சியப் பாத்துப் பேச. ஊட்டுல வெளிய எடுத்தா நம்ம சங்கிலிப் பய புடுங்கிட்டுப் போயி வித்துருவான். அதான் ஒளிஞ்சு பேசுறது. இதுல சிரிக்க என்னங்கடி இருக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. சங்கிலி அவளுடைய மூத்த மகன். அவன் குணம் எல்லாருக்கும் தெரியும்.

“ஒரு கண்டிசன்,” என்றாள். “போனு என் கையவிட்டுப் போகாது. ஆப்ப நீ போட்டுக்க, எங்கன அமுக்கணும்னு நீ சொல்லு. அமுக்குறது நானு. சாயங்காலமானா நான் எடுத்துட்டுப் போயிருவேன்.”

“சரிக்கா.”

சிக்னல் பம்புசெட் மேட்டில்தான் வரும். இரண்டு பேரும் அங்கே போய் நின்றார்கள். இருளம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்திருக்க, கிளாரா ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு ஆப்பை இறக்கினாள். பத்தே கால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் வரிசையாக வந்து பின்னால் நின்று, ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டார்கள். பத்து நாற்பதுக்கு ஆப் திறந்தது. கிளாராவின் நம்பருக்கு ரகசிய எண் வந்தது, போட்டாள்.

பச்சை. சிவப்புப் பெட்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“பாத்தியா!” இருளம்மாள் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினாள். “ஒன் போனு மாதிரியா? என் போனு பத்தினி.”

எல்லாரும் வாய்க்காலுக்கு ஓடினார்கள். வரிசை நின்றது. இருளம்மாள் எதிரே கரை மேல் ஏறி, புகைப்படக்காரர் மாதிரி ஒரு காலை முன்னால் வைத்து, போனை உயர்த்தினாள். கிளாரா பக்கத்தில் நின்று, “அந்த வட்டத்த அமுக்குங்கக்கா” என்றாள். அமுக்கினாள். படம் விழுந்தது. பெயர்ப்பட்டியல் வந்தது. கிளாரா படத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராக டிக் போடச் சொன்னாள். இருபத்தேழில் நிறுத்தினாள்.

“என்ன நிறுத்திட்ட? என் பேரு கடைசியில இருக்கும், போடு.”

“நீங்க படத்துல இல்லையேக்கா.”

“இல்லையா? படத்த எடுத்ததே நானு!”

“எடுத்தீக. ஆனா அதுல இல்ல.”

“அடியேய்! போனு என்னுது, புடிச்சது நானு, அமுக்குனது நானு. ஊருக்கே நாளு போட்டுட்டு எனக்கு மட்டும் இல்லங்கிறியா?”

“இல்லாத ஆள இருக்குன்னு எப்படிக்கா போடுவேன்?”

வரிசையில் நின்ற இருபத்தேழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மணி பத்து ஐம்பத்தொன்று. இருளம்மாள் கிளாராவை ஒரு பார்வை பார்த்தாள். ஓவர்சீயர் திங்கட்கிழமை பார்த்தாரே, அதே பார்வை. போனைப் பார்த்தாள். தாள் உரிக்காத அந்தக் கண்ணாடியை முந்தானையால் ஒரு தரம் துடைத்தாள். கடைசியில், கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி, அடியில் கை கொடுத்து நீட்டினாள்.

“இந்தா புடி. ஆனா உள்ள வேற எதையும் பாக்கக் கூடாது. மகளோட பேசுனது, அழுதது எல்லாம் கெடக்கும்.”

“பாக்க மாட்டேன்க்கா” என்றாள் கிளாரா. “பாத்தா, நாளைக்கு யாராவது கேக்கும்போது சொல்லித் தொலைச்சிருவேன்.”

இருளம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தாள். வரிசை நடுவில் இரண்டு பேரை இடித்துத் தள்ளி இடம் பிடித்தாள். கிளாரா முதலில் எடுத்த படத்தை அழித்துவிட்டு, போனை உயர்த்தினாள். இந்தத் தடவை சிலுவை போடவில்லை. தலையை எண்ணினாள். இருபத்தெட்டு. அமுக்கினாள்.